அட்டையில் இல்லாத ஐந்து வசனங்கள்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வாசலில் ஒருவர் தட்டோடு நிற்பார். தட்டில் சின்னச் சின்ன அட்டைகள் கவிழ்த்து வைத்திருக்கும். ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம். எடுத்த அட்டையில் இருக்கும் வசனம் அந்த ஆண்டுக்கான வாக்குத்தத்தம். பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுனிலும் அதை ஒட்டிய பென்சன் டவுன், காக்ஸ் டவுன் தெருக்களிலும் உள்ள தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் இந்த அட்டை ஷோகேஸ் கண்ணாடியில் செருகியிருக்கும்; இல்லையென்றால் அதே வசனம் பெரிய எழுத்தில் காலண்டராகத் தொங்கும். அப்படி அடிக்கடி கண்ணில் படுகிற வசனங்களில் ஒன்று யோபு 22:28. நீ ஒன்றைத் தீர்மானித்தால் அது கைகூடும், உன் பாதையில் வெளிச்சம் விழும் என்பது அதன் சாரம். வங்கிக் கடனில் வீடு கட்டத் தொடங்கியவருக்கும் மகளுக்கு வரன் தேடுகிறவருக்கும் இதைவிட இதமான சொல் கிடைக்காது.

சொன்னவர் யார் என்று அட்டை சொல்வதில்லை. கடவுள் சொன்னதல்ல, யோபு சொன்னதும் அல்ல. எல்லாவற்றையும் இழந்து துன்பத்தில் கிடந்த யோபுவைத் தேற்றுவதற்கென்று வந்து உட்கார்ந்த நண்பர் எலிப்பாஸ் பேசிய பேச்சு அது. அதே பேச்சில், அதே அதிகாரத்தின் 5 முதல் 9 வரையுள்ள ஐந்து வசனங்களில், அவர் யோபுவின் மீது ஒரு குற்றப்பத்திரிகை படிக்கிறார். ஏழையின் துணியை உருவினாய், தாகத்தில் வந்தவனுக்குத் தண்ணீர் தரவில்லை, பசித்தவனுக்குச் சோறு மறுத்தாய், விதவைகளை வெறுங்கையோடு விரட்டினாய், அநாதைப் பிள்ளைகளின் கையை முறித்தாய். இவை எதுவும் நடக்கவில்லை என்பது முதல் அதிகாரத்தை வாசித்த எவருக்கும் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி வீடொன்றில் நடந்த ஜெபக்கூட்டத்தில் இந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசிக்கச் சொன்னேன். வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஓரத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் கேட்டார்: “அவ்வளவு ஆடு மாடு வெச்சிருந்தவரு. ஒண்ணுமே பண்ணாமலா இருந்திருப்பாரு?” சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழைகளை வதைத்தான் என்ற பொய்க் குற்றச்சாட்டை வேதாகமம் எப்படிக் கையாள்கிறது, படிக்கிற நாம் எப்படிக் கையாள்கிறோம் என்ற இரண்டு கேள்விகளும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தன.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு இது பொருத்தமில்லாத இடமும் அல்ல. 1809-இல் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு இறக்கியபோது, படையோடு மதராஸ் மாகாணத்திலிருந்து தமிழர்கள் வந்தார்கள். சமையல்காரர், குதிரைக்காரர், கொத்தனார், வண்ணார், சிறு வியாபாரி என்று பெரும்பாலும் கைவேலைக்காரர்கள். 1898 பிளேக்குக்குப் பிறகு தண்டுப் பகுதியின் நெரிசலைக் குறைக்க எழுந்த புதுக் குடியிருப்புகளின் வரிசையில் வந்தது ரிச்சர்ட்ஸ் டவுன். நடுவில் பூங்கா, சுற்றிலும் ஓட்டுக்கூரை பங்களாக்கள், 1914-இல் தொடங்கிய கிளாரன்ஸ் பள்ளி, பரிசுத்த ஆவி ஆலயம். பங்களாவில் இருந்தவரும் பங்களாவின் பின்கட்டில் இருந்தவரும் ஒரே வேதாகமத்தை வாசித்த ஊர் இது. நடந்து போகிற தூரத்தில் மில்லர்ஸ் சாலையில் ஐக்கிய இறையியல் கல்லூரி இருக்கிறது. 1910-இல் தொடங்கிய அக்கல்லூரியின் முதல் முதல்வர் டேனிஷ் மிஷனரி எல். பி. லார்சன். தமிழில் ஆழங்கால்பட்ட அவர்தான் பிற்பாடு தமிழ் வேதாகமத்தைத் திருத்தும் பணிக்குத் தலைமை தாங்கினார். அத்திருத்தம் 1936-இல் வெளிவந்தது. யோபுவின் புத்தகம் தமிழில் எப்படி ஒலிக்க வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களில் ஒருவர் இந்தத் தெருக்களில் நடந்திருக்கிறார்.

எலிப்பாஸின் குற்றப்பத்திரிகையை அக்காலத்துச் சட்டத்தோடு ஒட்டிவைத்துப் படிக்க வேண்டும். முதல் குற்றம் அடகு பற்றியது. பழைய இஸ்ரவேலில் ஏழை அடகு வைக்கக்கூடியது பெரும்பாலும் மேலாடை ஒன்றுதான். பகலில் அது உடை, இரவில் அதுவே போர்வை. அதனால்தான் யாத்திராகமம் 22, அடகு வாங்கிய ஆடையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு என்கிறது. உபாகமம் 24 இன்னும் நுணுக்கமானது: மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்காதே, விதவையின் துணியை வாங்காதே, கடன்காரனின் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், அவனே கொண்டுவந்து தரட்டும். நம் ஊரில் அண்டா குண்டாவை அடகுக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போன குடும்பத்துக்கு இந்தச் சட்டத்தை விளக்க வேண்டியதில்லை. அடுத்த வேளைச் சோற்றுக்கான கருவியையே எடுத்துக்கொண்டால் அது கடன் வசூல் ஆகாது, கொலையில் பாதி.

இந்தச் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதற்குத் தொல்லியல் சான்று உண்டு. 1960-இல் இஸ்ரேலின் கடற்கரையில், யாவ்னே-யாம் அருகே ஒரு சிறு கோட்டையின் இடிபாடுகளைத் தோண்டிய யோசப் நாவேயின் குழுவுக்கு எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. காலம் கி.மு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதி. அவற்றுள் ஒன்று, அறுவடைக் கூலியாள் ஒருவர் அதிகாரிக்கு அனுப்பிய மனு. எனக்கு அளந்த வேலையை முடித்து, தானியத்தைச் சேர்த்தும் விட்டேன். அதன் பிறகு சோபாயின் மகன் ஓசாயாகு வந்து என் ஆடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். என்னோடு வெயிலில் அறுத்தவர்கள் எல்லோரும் எனக்குச் சாட்சி சொல்வார்கள். என் ஆடையைத் திருப்பித் தரச் செய்யுங்கள் என்பது விண்ணப்பம். எழுதத் தெரிந்த யாரோ ஒருவர் அவர் சொல்லச் சொல்ல எழுதியிருக்க வேண்டும். மூச்சு வாங்கிப் பேசும் கூலியாளின் நடை அந்த ஓட்டில் அப்படியே இருக்கிறது.

இந்த மனுவையும் எலிப்பாஸின் பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. கூலியாளின் புகாரில் எல்லாம் இருக்கிறது: எடுத்தவன் பெயர், அவன் தகப்பன் பெயர், எப்போது எடுத்தான், எதை எடுத்தான், சாட்சி யார். எலிப்பாஸின் புகாரில் எதுவும் இல்லை. எந்த விதவை? எந்த ஊர் அநாதை? யாருடைய துணி? ஒரு பெயரும் கிடையாது. ஏழை அங்கே ஆளாக இல்லை. வாதத்துக்குத் தேவைப்பட்ட பொருளாக இருக்கிறார்.

வாதத்துக்கு அவர் ஏன் தேவைப்பட்டார்? நான்காம் அதிகாரத்துக்குப் போக வேண்டும். எலிப்பாஸ் முதன்முறை வாய் திறந்தபோது யோபுவைப் புகழ்ந்தே தொடங்கினார். தளர்ந்த கைகளைத் திடப்படுத்தியவன் நீ, தள்ளாடினவனை உன் சொல் தாங்கி நிறுத்தியது என்றார். பதினெட்டு அதிகாரம் கழித்து அதே வாய், நீ விதவையை விரட்டினாய் என்கிறது. இடையில் புதுச் சாட்சி எதுவும் வரவில்லை. வந்தது யோபுவின் பிடிவாதம் மட்டும்: நான் இதற்குத் தகுதியான தப்பு எதுவும் செய்யவில்லை. எலிப்பாஸிடம் ஒரு கொள்கை இருந்தது. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று நாம் சொல்வதை அவர் அதே உழவு உவமையோடு நான்காம் அதிகாரத்தில் சொல்கிறார். அந்தக் கொள்கைப்படி இவ்வளவு பெரிய தண்டனைக்கு இவ்வளவு பெரிய குற்றம் இருந்தாக வேண்டும். பணக்காரன் செய்யக்கூடிய ஆகப் பெரிய குற்றம் எது? ஏழையை வதைப்பது. ஆகவே யோபு ஏழையை வதைத்திருக்க வேண்டும். நெருப்பில்லாமல் புகையாது என்கிற தர்க்கம்தான். புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பதோடு எலிப்பாஸ் நிற்கவில்லை; எந்த அடுப்பு, எந்த விறகு என்பதையும் தானே இட்டு நிரப்பினார்.

எபிரேய மூலத்தில் இதைக் காட்டிக்கொடுக்கும் ஒரு சொல் இருக்கிறது: ஹின்னாம். இலவசமாக, காரணமின்றி, பயனின்றி என்று பல பொருள் தரும் சொல். யோபுவின் புத்தகத்தில் இது சரியாக நான்கு இடங்களில் வருகிறது. 1:9-இல் சாத்தான் கேட்கிறான், யோபு கடவுளுக்குப் பயப்படுவது ஹின்னாமா? 2:3-இல் கடவுள் அவனிடம் சொல்கிறார், ஹின்னாமாக யோபுவை அழிக்க என்னைத் தூண்டிவிட்டாய். 9:17-இல் யோபு புலம்புகிறார், ஹின்னாமாகக் காயத்துக்கு மேல் காயம் தருகிறார். நான்காவது இடம் 22:6. ஹின்னாமாக உன் சகோதரரிடம் அடகு வாங்கினாய். காரணமில்லாமல் அடித்தவர் யார், அடிபட்டவர் யார் என்பதைப் புத்தகம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. அது தெரியாமல் எலிப்பாஸ் அந்தச் சொல்லை எடுத்து அடிபட்டவர் மேலேயே வீசுகிறார்.

பழைய தமிழ் மொழிபெயர்ப்பு முதல் இடத்தில் ‘விருதாவாக’ என்றும் மற்ற மூன்றில் ‘முகாந்தரமில்லாமல்’ என்றும் போட்டிருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் பொருள் சரி. ஆனால் முதல் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. எனக்கென்னவோ நம் வீட்டுச் சொல் ஒன்று நான்கு இடத்துக்கும் அச்சாகப் பொருந்துவதாகப் படுகிறது. சும்மா. சும்மாவா பயப்படுகிறான்? சும்மா அழிக்கச் சொன்னாய். சும்மா அடிக்கிறார். சும்மா அடகு வாங்கினாய். இந்த இடங்களில் ‘சும்மா’ என்று அச்சடிக்க எந்தத் திருத்தக் குழுவும் துணியாது என்பது வேறு விஷயம்.

யோபு எந்தத் தப்பும் செய்யாமல் அடிபட்டார் என்பதை ஜெபக்கூட்டத்து அம்மாவால் மட்டுமல்ல, பெரிய ரபீக்களாலும் செரிக்க முடியவில்லை. பாபிலோனியத் தல்மூதின் சோத்தா பகுதியில் ஒரு கதை உண்டு. எபிரேயக் குழந்தைகளைக் கொல்வதைப் பற்றிப் பார்வோன் ஆலோசனை கேட்டபோது சபையில் மூவர் இருந்தார்களாம். பிலேயாம் கொல்லச் சொன்னான், வெட்டுண்டு செத்தான். எத்திரோ ஓடிப்போனான், அவன் சந்ததி மேன்மை பெற்றது. யோபு வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குத்தான் பின்னாளில் அந்தத் துன்பம். இன்னொரு பழைய ரபீ நூல், எந்தத் திசையிலிருந்து வரும் ஏழையும் சுற்றி அலையக் கூடாதென்று யோபு தன் வீட்டுக்கு நான்கு வாசல் வைத்திருந்ததாகச் சொல்கிறது. நல்ல மனிதர்தான். ஆனாலும் ஆபிரகாமுக்கு ஈடில்லை. யோபு வருகிறவர்களுக்குக் கொடுத்தார், ஆபிரகாமோ எழுந்து போய்த் தேடினார் என்று கூட்டிச் சொல்கிறது. எலிப்பாஸ் கட்டியது பொய். ரபீக்கள் கட்டியது கதை. ஆனாலும் இரண்டும் ஒரே பள்ளத்தை நிரப்ப வந்தவை. நம் அரிச்சந்திரன் கதையைக் கேட்டு வளர்ந்தவருக்கு இந்தப் பள்ளம் பழக்கமானது: மேலுலகத்தில் யாரோ இருவர் வாதம் செய்ய, கீழே ஒருவன் பெண்டாட்டி பிள்ளையை இழக்கிறான். அந்தக் கதையில் நல்லவேளையாக, நீ ஏழையை வதைத்திருப்பாய் என்று அரிச்சந்திரனிடம் சொல்ல ஒரு நண்பன் வருவதில்லை.

இனி யோபுவின் பதில். நேர்மையான ஒருவர்மீது இப்படியொரு பழி விழுந்தால் சாதாரணமாக என்ன நடக்கும்? பழி சுமத்தியவரின் யோக்கியதையைக் கிளறுவார். அல்லது ஏழைகளின் நன்றிகெட்டதனத்தைப் பேசுவார். அல்லது, ஏழை என்றால் எல்லாம் நியாயமா என்று அளவுகோலையே வளைப்பார். யோபு இவற்றில் எதையும் செய்யவில்லை. 24-ஆம் அதிகாரத்தில் எலிப்பாஸ் சொன்ன குற்றங்களை உலகத்தில் யார் யாரோ செய்துகொண்டிருப்பதை விவரிக்கிறார்: அநாதையின் கழுதையை ஓட்டிக்கொண்டு போகிறார்கள், விதவையின் மாட்டை அடகாகப் பிடிக்கிறார்கள், கூலிக்காரர்கள் குளிரில் போர்வை இல்லாமல் கிடக்கிறார்கள், கடவுள் அதைக் கண்டுகொள்வதாகவும் தெரியவில்லை. பெரு நாட்டு இறையியலாளர் குஸ்தாவோ குத்தியேரஸ் 1986-இல் வெளியிட்ட யோபு பற்றிய நூலில் இந்த இடத்தைத்தான் திருப்புமுனையாகப் பிடித்தார். தன் வலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த மனிதர் மற்றவர் வலியைப் பார்க்கத் தொடங்குகிறார். பொய்ப் பழி யோபுவின் கண்ணை மூடவில்லை, திறந்துவிட்டது.

அதன் பிறகு 31-ஆம் அதிகாரத்தில் சத்தியம். குலதெய்வக் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறவர், நான் எடுத்திருந்தால் என் கண் அவியட்டும் என்பார் அல்லவா, அதே வடிவம். எலிப்பாஸ் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை யோபு தொட்டுப் பதில் சொல்கிறார். விதவையின் கண் பூத்துப்போகும்படி விட்டேனா? என் சோற்றை அநாதைக்குக் கொடுக்காமல் தனியே தின்றேனா? உடையில்லாதவன் என் ஆட்டு மயிர்க் கம்பளியில் சூடு காயவில்லையா? அநாதையின் கையை முறித்தாய் என்ற குற்றத்துக்கு வருகிறபோது சாபத்தைத் தன் கைமேலேயே வாங்குகிறார்: அப்படிச் செய்திருந்தால் என் தோள்பட்டை கழன்று விழட்டும், என் கை முறியட்டும்.

அதோடு நின்றிருந்தால் அது ஒரு நல்ல எதிர்வாதம். யோபு எலிப்பாஸ் கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறார். என் வேலையாளோ வேலைக்காரியோ என்மேல் வழக்குக் கொண்டுவந்தபோது அதை அலட்சியம் செய்திருந்தால் கடவுள் விசாரிக்கும் நாளில் என்ன சொல்வேன்? என்னைக் கருவில் உருவாக்கியவர்தானே அவனையும் உருவாக்கினார்? கடைசியில் நிலம் வருகிறது: என் நிலம் எனக்கு எதிராகக் கூப்பிட்டிருந்தால், கூலி கொடுக்காமல் அதன் விளைச்சலைத் தின்றிருந்தால், கோதுமைக்குப் பதில் முள் முளைக்கட்டும். எஜமானுக்கு எதிராக வேலைக்காரன் வழக்குப் போடலாம் என்பதையும், அதைக் கேட்பது எஜமானின் கடமை என்பதையும் குற்றம் சாட்டியவர் நினைத்தே பார்க்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் நினைத்துப் பார்க்கிறார். பொய் வழக்கில் சிக்கிய ஒருவர் சட்டத்தைத் தனக்கு எதிராக இன்னும் கடுமையாக்கிக் கொள்ளும் காட்சி வேறெங்காவது இருக்கிறதா? எனக்கு நினைவுக்கு வரவில்லை.

ஆனாலும் அந்த அம்மாவின் கேள்வியை இதோடு மூடிவிட முடியாது. 7000 ஆடு, 3000 ஒட்டகம், 500 ஏர் மாடு, 500 கழுதை என்று முதல் அதிகாரம் கணக்குச் சொல்கிறது. அத்தனைக்கும் ஆள் வேண்டும். மில்லர்ஸ் சாலைக் கல்லூரியில் 1981-இல் அர்விந்த் பி. நிர்மல் ஆற்றிய உரையிலிருந்துதான் தலித் இறையியல் பிறந்தது என்பார்கள். கதையில் அடியில் இருப்பவரின் இடத்தில் நின்று வேதத்தை வாசி என்பது அது கற்றுக்கொடுத்த பாடம். அந்த இடத்தில் நின்று யோபுவை வாசித்தால் இரண்டு இடங்கள் உறுத்துகின்றன.

ஒன்று 30-ஆம் அதிகாரம். தன்னைக் கேலி செய்யும் இளைஞர்களைப் பற்றிப் பேசும்போது யோபு, இவர்களுடைய தகப்பன்மாரை என் ஆட்டு மந்தை நாய்களோடுகூட நிறுத்தியிருக்க மாட்டேன் என்கிறார். யார் அவர்கள்? ஊருக்குள் வந்தால் திருடனைப்போல் துரத்தப்பட்டவர்கள், புதரில் கிழங்கு தோண்டித் தின்கிறவர்கள், பள்ளத்திலும் குகையிலும் ஒடுங்கியவர்கள், பேர் இல்லாதவர்களின் பிள்ளைகள். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட இந்த மக்களை யோபு ஏழை என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் ஒரே கருவில் உருவானோம் என்று சொல்லப் போகிறவர் இவர்தான். எலிப்பாஸ் இதைக் குற்றமாகச் சொல்லியிருந்தால் யோபுவுக்குப் பதில் இருந்திருக்காது. எலிப்பாஸ் சொல்லவில்லை, அவருக்கும் அது குற்றமாகப் படவில்லை.

இரண்டாவது, செத்த வேலையாட்கள். முதல் அதிகாரத்தில் ஏர் ஓட்டியவர்களும் ஆடு மேய்த்தவர்களும் ஒட்டகம் பார்த்தவர்களும் வாளுக்கும் நெருப்புக்கும் இரையாகிறார்கள். தப்பி வந்து சேதி சொல்லும் நான்கு பேர் மட்டும் பேசுகிறார்கள். எஜமானின் நஷ்டத்தைச் சொன்னதும் அவர்களும் கதையிலிருந்து போய்விடுகிறார்கள். 42-இல் எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது. ஆடு 14,000 ஆகிறது. செத்த கூலியாட்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆகவே என் தீர்ப்பு இது: எலிப்பாஸ் சுமத்தியது சுத்தப் பொய், யோபு நிரபராதி, ஆனால் நிரபராதி என்பதால் அவருடைய பார்வையில் பொத்தல் இல்லை என்று ஆகிவிடாது. பொய்ப் பழியைக் கழுவும் அவசரத்தில் அந்தப் பொத்தலையும் சேர்த்து மெழுகிவிடுகிற பிரசங்கங்கள்தான் நம்மிடம் அதிகம்.

ஏழையை வதைத்தான் என்ற வீண்பழி யோபுவோடு முடியவில்லை. சங்கீதம் 109-ஐப் பலர் வாசிக்கவே கூசுவார்கள், அவ்வளவு சாபம். எதிரியின் பிள்ளைகள் பிச்சையெடுக்கட்டும், கடன்காரன் அவன் சொத்தையெல்லாம் வலைபோட்டு வாரட்டும் என்று நீள்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை 1971-இல் திருத்தி வெளியிட்ட திருப்புகழ்மாலையிலிருந்து இந்தச் சங்கீதத்தை முழுவதுமாக நீக்கிவிட்டது. ஆனால் இலக்கணத்தைக் கவனியுங்கள். முதல் ஐந்து வசனங்களில் சங்கீதக்காரரைச் சூழ்ந்து பொய் பேசுகிறவர்கள் பன்மையில் இருக்கிறார்கள். ஆறாம் வசனத்திலிருந்து பத்தொன்பது வரை சாபத்துக்கு ஆளாகிறவன் திடீரென்று ஒருமை. இருபதில் மறுபடி பன்மை. ஆகவே நடுவில் உள்ள சாபம் முழுவதும் சங்கீதக்காரருடைய சாபமே அல்ல; எதிரிகள் அவர்மேல் போட்ட சாபத்தை அவர் கடவுளிடம் ஒப்பிக்கிறார் என்று அறிஞர் பலர் வாசிக்கிறார்கள். 1989-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று ஆறாம் வசனத்துக்கு முன்னால் ‘அவர்கள் சொல்கிறார்கள்’ என்று சேர்த்தே அச்சிட்டது. எதிர்க்கிறவர்களும் உண்டு. எபிரேயத்தில் மேற்கோள் குறி இல்லை. தமிழில் ஒருவர் சொன்னதைச் சொல்ல ‘என்று’ போட்டே ஆக வேண்டும். போட்டால் ஒரு பொருள், போடாவிட்டால் நேர் எதிர்ப் பொருள். மூன்றே எழுத்துள்ள ஒரு சொல்லில் முழுச் சங்கீதமும் தொங்குகிறது.

மேற்கோளாக வாசித்தால் 16-ஆம் வசனம் வேறு முகம் காட்டுகிறது. எளியவனையும் மனம் உடைந்தவனையும் சாகும்வரை துரத்தினான் என்பது அங்குள்ள குற்றச்சாட்டு. அது சங்கீதக்காரர் மேல் சுமத்தப்பட்ட பழியாகிவிடுகிறது. 22-இல் அவர் சொல்கிற பதில் சுருக்கமானது: ஏழையும் எளியவனும் நானே. யாரை வதைத்ததாகச் சொல்கிறீர்களோ அந்த ஆள் நான்தான். ஆறாம் வசனத்தில் குற்றவாளியின் வலப்பக்கம் குற்றம் சாட்டுகிறவன் நிற்கட்டும் என்கிறார்கள். எபிரேயச் சொல் சாத்தான், பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் அப்படியே. கடைசி வசனத்தில் ஏழையின் வலப்பக்கம் கடவுள் வந்து நிற்கிறார். இந்தப் பொருத்தத்தைப் பார்த்த பிறகு, மேற்கோள் வாசிப்பே சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் சங்கீதத்தின் எட்டாம் வசனத்தை அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரம் யூதாஸுக்குப் பொருத்துகிறது. அந்த யூதாஸ்தான் பெத்தானியாவில் மரியாள் பரிமளத்தைப் பாதத்தில் ஊற்றியபோது, முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்றவன். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஏறக்குறைய ஓராண்டுக் கூலியை ஒரு பெண் வீணாக்கினாள், ஏழை வயிற்றில் அடித்தாள் என்பது குற்றச்சாட்டு. மாற்கு இதைச் சிலர் சொன்னதாகவும் மத்தேயு சீஷர்கள் சொன்னதாகவும் எழுத, யோவான் மட்டும் ஆளைக் காட்டி, அவன் பணப்பையிலிருந்து திருடுகிறவன் என்கிறார். இயேசு சொன்ன பதில் உபாகமம் 15-ஐ நினைவூட்டுவது. ஏழைகள் எப்போதும் இருப்பார்கள் என்ற பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு கையை மடக்கிக்கொண்டவர்கள் ஏராளம். உபாகமத்தில் அடுத்த பாதி, ஆகையால் கையைத் தாராளமாகத் திற என்பது. எலிப்பாஸிடம் விதவை இல்லாததுபோல, யூதாஸின் வாக்கியத்திலும் எந்த ஏழையும் இல்லை. இருந்தது பணப்பை.

அப்படியானால் ஏழையை வதைத்தாய் என்ற குற்றச்சாட்டே சந்தேகத்துக்குரியதா? பணக்காரச் சபையார் சிலர் இப்படித்தான் இந்தப் பகுதிகளை வசதியாக வாசிக்கிறார்கள். அவர்களுக்கு நெகேமியா 5 போதும். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு எருசலேம். பஞ்சம். நிலத்தையும் திராட்சைத் தோட்டத்தையும் அடகு வைத்தோம், ராஜ வரி கட்டக் கடன் வாங்கினோம், எங்கள் பெண் பிள்ளைகளை அடிமையாக விட்டோம், மீட்க வழியில்லை என்று ஆண்களும் அவர்கள் மனைவிமாரும் கூக்குரலிடுகிறார்கள். இங்கே பேசுகிறவர்கள் ஏழைகளே. எது போனது, யாரிடம் போனது என்று அவர்களே சொல்கிறார்கள். நெகேமியா பெரிய மனிதர்களைக் கூட்டி நிறுத்துகிறார். அவர்களுக்குப் பதில் வரவில்லை. நானும் என் ஆட்களும்கூடக் கடன் கொடுத்தவர்கள்தான் என்று அவர் ஒப்புக்கொள்கிறார், பிறகு வட்டியை விடச் சொல்கிறார். உண்மையான புகாருக்கும் பொய்ப் புகாருக்கும் இடையிலான வேறுபாட்டை வேதாகமம் எங்கும் இலக்கணமாக வகுத்துச் சொல்லவில்லை. ஆனால் பானையோட்டுக் கூலியாளும் நெகேமியா 5-இல் கூக்குரலிட்டவர்களும் ஒரு பக்கம், எலிப்பாஸும் யூதாஸும் இன்னொரு பக்கம் என்று நிறுத்தினால், ஏழை அங்கே தானே பேசுகிறாரா என்ற ஒன்றே பிரித்துக் காட்டிவிடுகிறது.

ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து பென்சன் டவுனுக்குப் போனால் பென்சன் சாலையில் இந்திய சமூக நிறுவனம் இருக்கிறது. திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-இல் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி 1975 முதல் 1986 வரை அங்கே இயக்குநராக இருந்தார். பின்னர் ஜார்க்கண்ட் போனார். நக்சலைட் என்று குற்றம் சாட்டப்பட்டு விசாரணைக் கைதிகளாகக் கிடந்த ஆதிவாசி இளைஞர்களின் கதையைச் சேகரித்து 2016-இல் ஓர் ஆய்வறிக்கை தயாரானதில் அவர் பங்கு முக்கியமானது. குற்றப்பத்திரிகையை மட்டும் படித்து முடிவு கட்டாமல், குற்றம் சாட்டப்பட்டவரிடமே போய்க் கேட்கிற வேலை அது. 2020 அக்டோபர் 8 அன்று பீமா கோரேகான் வழக்கில் அவரே கைதானார். ஏழைகளை வதைத்ததாக அவர்மேல் குற்றமில்லை, தடை செய்யப்பட்ட மாவோயிஸ்ட் அமைப்போடு தொடர்பு என்பது குற்றச்சாட்டு, அவர் மறுத்தார். பார்க்கின்சன் நோயில் கை நடுங்கிய அவர், தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வைத்த குவளை கேட்டு நீதிமன்றத்தை அணுக வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று 84 வயதில், ஜாமீன் மனு உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும்போதே இறந்தார். சாட்சி விசாரணை தொடங்கியிருக்கவில்லை.

யோபுவின் வழக்கில் தீர்ப்பு வந்தது. 42-ஆம் அதிகாரத்தில் கடவுள் எலிப்பாஸைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீயும் உன் நண்பர் இருவரும் என்னைப் பற்றி நிதானமாய்ப் பேசவில்லை, என் ஊழியன் யோபு பேசினான் என்கிறார். ஏழு காளை, ஏழு ஆட்டுக்கடா கொண்டுபோய்ப் பலியிட வேண்டும். யோபு அவர்களுக்காக வேண்டிக்கொள்ள வேண்டும். இங்கே ஒரு குறும்பு இருக்கிறது. எலிப்பாஸ் 22-ஆம் அதிகாரத்தை முடித்தது எப்படி? நீ மனம் திரும்பினால், உன் கைகளின் சுத்தத்தால் குற்றவாளிகூடத் தப்பிப்பான் என்று. மூலம் கொஞ்சம் சிக்கலானது, ஆனாலும் பெரும்பாலோர் அப்படித்தான் வாசிக்கிறார்கள். யோபுவின் சுத்தமான கைகளால் தப்பித்த அந்தக் குற்றவாளி எலிப்பாஸ்தான். தன் எதிர்காலத்தைத்தான் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. அவர் சொன்னதெல்லாம் குப்பை என்றும் சொல்லிவிட முடியாது; ஐந்தாம் அதிகாரத்தில் அவர் சொன்ன ஒரு வரியைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது வேத வாக்கியமாகவே எடுத்தாள்கிறார். ஆகவே அட்டையைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. 28-ஆம் வசனம் கிடைத்தவர்கள் அதைக் கண்ணாடியில் செருகும் முன் 5-ஆம் வசனத்திலிருந்து ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். அப்படியே 30, 31 அதிகாரங்களையும்.

அன்றைக்கு அந்த அம்மாவிடம் நான் சொன்னது ஒன்றுதான். யோபு ஒன்றும் பண்ணவில்லை என்று கடவுளே சொல்கிறார். விதவையின் மனம் தன்னால் பாடியது என்று யோபுவும் 29-இல் சொல்கிறார். விரட்டப்பட்டதாக எலிப்பாஸ் சொன்ன விதவைகளோ, ஆறுதல் பெற்றதாக யோபு சொன்ன விதவைகளோ, 42 அதிகாரத்தில் ஒருவர்கூட வந்து வாய் திறக்கவில்லை.